வாக்கைச் சொல்லாத தொகுதி மடல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்களைத் தேர்ந்தெடுத்த மக்களுக்கு அண்மைப் பணிகளைத் தெரிவித்து எழுதும் தொகுதி மடல்கள் இப்போது அச்சிலும் கைப்பேசியிலும் அடிக்கடி வருகின்றன. அவற்றுள் சிலவற்றின் சுருக்கத்தைத் தங்கள் நாளிதழும் வெளியிட்டு வருகிறது. சட்டமன்றச் செயலகம் ஒன்றில் அவை நடவடிக்கைகளைச் சுருக்கெழுத்தில் பதிவு செய்யும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இம்மடல்களைச் சற்று உன்னிப்பாகவே படித்து வருகிறேன். என் குறை ஒன்றுதான். மடலை முதலிலிருந்து கடைசிவரை படித்து முடித்த பிறகும், அந்த உறுப்பினர் எந்தச் சட்டமுன்வடிவை ஆதரித்தார், எதை எதிர்த்தார், எந்த வாக்கெடுப்பின்போது அவையில் இல்லாமல் போனார், அதற்கெல்லாம் அவர் கூறும் காரணம் என்ன என்பது தெரிவதில்லை. மற்றவை எல்லாம் தெரிகின்றன.

திறந்து வைத்த கட்டடங்கள், கலந்துகொண்ட விழாக்கள், வழங்கிய பரிசுகள், சந்தித்த அமைச்சர்கள், அளித்த மனுக்கள் என்று மடலின் பெரும்பகுதி நிரம்பிவிடுகிறது. இவற்றில் எதுவும் பொய் என்று நான் சொல்லவில்லை. பல உறுப்பினர்கள் ஓய்வின்றி அலைகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான். ஆயினும் சாலை போடுவதும், மருத்துவமனையை நடத்துவதும், சான்றிதழ் வழங்குவதும் ஆட்சித் துறையின் வேலை. சட்டம் இயற்றுவது, அரசின் வரவு செலவுக்கு அனுமதி அளிப்பது அல்லது மறுப்பது, அமைச்சர்களைக் கேள்வி கேட்டுப் பதில் பெறுவது ஆகிய மூன்றையும் அவையின் உறுப்பினரைத் தவிர வேறு எவரும் செய்ய முடியாது. வேறு எவராலும் செய்ய முடியாத அந்த வேலையைப் பற்றிய கணக்கு மடலின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியாகச் சுருங்குவதும், வேறு பலரும் சேர்ந்து செய்த வேலை முதல் பக்கத்தில் வண்ணப் படங்களுடன் வருவதும் முறையா என்பதே என் கேள்வி.

வாக்கு விவரம் அவைக் குறிப்பில் எப்படியும் இருக்குமே, வேண்டியவர்கள் அங்கே பார்த்துக்கொள்ளட்டும் என்று சிலர் வாதிடக்கூடும். பெரும்பாலான நேரங்களில் அது அங்கே இருப்பதில்லை என்பதுதான் உண்மை. அவைத் தலைவர் ஆதரிப்போரை 'ஆம்' என்றும் எதிர்ப்போரை 'இல்லை' என்றும் கூறச் சொல்லி, ஓசையைக் கொண்டு முடிவை அறிவிக்கும் குரல் வாக்கெடுப்பில், தீர்மானம் நிறைவேறியது என்ற ஒரு வரி மட்டுமே பதிவாகும். யார் எதைச் சொன்னார் என்பது பதிவாகாது. அவைத் தலைவரின் அறிவிப்பை எவரேனும் மறுத்துப் பிரிவு வாக்கெடுப்பு கோரி, அது நடத்தப்பட்டால்தான் பெயர்வாரியாக வாக்கு பதிவாகிறது. இந்திய நாடாளுமன்றத்திலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் பெருவாரியான சட்டமுன்வடிவுகள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. அமெரிக்க அரசமைப்புச் சட்டம், அவையில் இருப்போரில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டாலே உறுப்பினர்களின் வாக்கு குறிப்பேட்டில் ஏறவேண்டும் என்று தன் முதல் உறுப்பிலேயே விதித்திருக்கிறது. 1973 முதல் அங்கே பிரதிநிதிகள் அவையில் மின்னணு முறையில் வாக்குகள் பதிவாகின்றன. அங்கும்கூட, யாரும் கேட்காமல் போனால் குரல் வாக்குதான். ஆக, குரல் வாக்கெடுப்பு நடந்த ஒவ்வொரு சட்டத்திலும் தம் உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்பதைத் தொகுதி மக்கள் அறிய அவரே எழுதும் மடலைத் தவிர வேறு ஆவணம் கிடையாது. அந்த ஆவணத்திலும் அது விடுபட்டால், அந்த வாக்கு உலகில் எங்குமே இல்லாததாகிவிடுகிறது.

பிரிட்டனின் பொதுமக்கள் அவையிலோ வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. வாக்களித்தவர்களின் பெயர் அங்கே பதிவாகும். வாக்களிக்காமல் இருந்தவர் ஏன் இருந்தார் என்பது பதிவாகாது. மனச்சான்றின்படி ஒதுங்கியவரும், நோயுற்றுப் படுத்திருந்தவரும், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவருடன் பேசிவைத்துக்கொண்டு இருவருமாக வராமல் இருந்தவரும், வெறுமனே வர மறந்தவரும் அந்தப் பட்டியலைப் பார்ப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இந்த நால்வரையும் வேறுபடுத்திக் காட்டக்கூடியவர் அந்த உறுப்பினர் ஒருவரே.

அவையில் நடப்பதைத் தொகுதிக்குத் தெரிவிக்கும் வழக்கம், அவை நடவடிக்கைகளை அச்சிடும் உரிமையைவிடப் பழையது. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஆண்ட்ரூ மார்வெல், 1659 முதல் 1678-இல் இறக்கும்வரை ஹல் நகரத்தின் உறுப்பினராக இருந்தார். அவர் அந்த நகராட்சிக்கு எழுதியவற்றுள் ஏறக்குறைய 300 கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் கவிதையைத் தேடுபவர் ஏமாந்துபோவார். எந்த வரி முன்மொழியப்பட்டது, எந்தச் சட்டமுன்வடிவு எத்தனையாவது வாசிப்பில் இருக்கிறது, எது குழுவுக்கு அனுப்பப்பட்டது, எது மேலவையில் தங்கிப்போனது என்று வறண்ட நடையில் செல்கின்றன அக்கடிதங்கள். அவையில் பேசியதை வெளியே சொல்வது உரிமை மீறலாகக் கருதப்பட்ட காலம் அது. ஆகையால் கடிதத்தைக் கண்டவர்களிடம் காட்ட வேண்டாம் என்று எச்சரித்தபடியே எழுதினார். அவை விவாதங்களை வெளியிட்டதற்காக லண்டன் அச்சகத்தார்மீது நடவடிக்கை எடுக்க முயன்று பொதுமக்கள் அவை தோற்றுப்போனது 1771-இல்தான் நடந்தது. விவாதங்களைத் தொடர்ச்சியாக அச்சிடும் பணியை 1803-இல் ஒரு தனியார் தொடங்கினார். வாக்களித்தோர் பட்டியலை அவை தானே வெளியிடத் தொடங்கியது 1836-இல். தண்டனைக்கு இடமிருந்த காலத்தில் ஒருவர் அத்தனை விவரம் எழுதியிருக்கிறார் என்றால், தடையேதும் இல்லாத காலத்தில் வாழும் உறுப்பினர்கள் எழுதாததற்கு என்ன காரணம் சொல்வது?

காரணம் தெரியாமல் இல்லை. வாக்கைச் சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் ஒரு பகுதியினரின் கோபத்தைச் சம்பாதிக்க நேரும். இதற்கு வரலாற்றில், பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டனின் பொதுமக்கள் அவையில் உறுப்பினராக இருந்த எட்மண்ட் பர்க்கைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1774-இல் பிரிஸ்டல் நகரத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அன்று, உறுப்பினர் தன் உழைப்பை மட்டுமல்லாமல் தன் தீர்ப்பறிவையும் தொகுதிக்குத் தரக் கடமைப்பட்டவர், தொகுதியின் கருத்துக்காக அதைக் கைவிடுபவர் தொகுதிக்குச் சேவை செய்யாமல் துரோகமே செய்கிறார் என்ற பொருளில் அவர் ஆற்றிய உரையை அரசியல் மாணவர்கள் எல்லோரும் படித்திருப்பார்கள். தம் விருப்பப்படி நடந்துகொள்ள நினைக்கும் உறுப்பினர்களுக்கும் அது பெரிதும் பிடித்தமான உரை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1780 செப்டம்பரில், அதே நகரத்தின் மன்றத்தில் அவர் ஆற்றிய இன்னோர் உரையை அவ்வளவாக யாரும் நினைவுகூர்வதில்லை. என் பார்வையில் முதல் உரையைவிட இரண்டாவது உரைதான் உறுப்பினர்கள் படிக்க வேண்டியது.

அதில் அவர் தம்மீது தொகுதியில் சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொன்னார். தொகுதிக்கு அடிக்கடி வரவில்லை என்பது முதலாவது. அயர்லாந்தின் வணிகத்தின் மேலிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதை ஆதரித்தார் என்பது இரண்டாவது; பிரிஸ்டல் துறைமுக நகரம், அங்கிருந்த வணிகர்களுக்கு அயர்லாந்தின் போட்டி பிடிக்கவில்லை. கடன்பட்டுச் சிறையில் கிடந்தவர்களுக்குச் சலுகை தரும் சட்டமுன்வடிவை ஆதரித்தார் என்பது மூன்றாவது. கத்தோலிக்கர்மீதான தண்டனைச் சட்டங்களைத் தளர்த்துவதை ஆதரித்தார் என்பது நான்காவது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் கத்தோலிக்கர்களுக்கு எதிரான பெருங்கலவரம் லண்டனைச் சூறையாடி முடித்திருந்த நேரம் அது. இந்த நான்கில் எதையும் அவர் மறுக்கவில்லை, மழுப்பவும் இல்லை. ஆமாம், அப்படித்தான் வாக்களித்தேன், இன்ன காரணத்தால் வாக்களித்தேன் என்று விரிவாக எடுத்துரைத்தார். ஆதரவு போதாது என்று கண்ட சில நாட்களில் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

வாக்கைச் சொன்னால் தோற்றுப்போவோம் என்பதற்கு இதையே சான்றாகக் காட்டலாம் என்பதை அறிவேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அவர் தொகுதிக்கு வந்ததே மிகச் சில முறைதான்; ஒவ்வொரு வாக்கின்போதும் உடனுக்குடன் சொல்லியிருக்கக்கூடிய காரணங்கள் அனைத்தையும், கோபம் முற்றிய பிறகு, ஒரே நாளில் சொல்ல வேண்டி வந்தது. அதன்பின் அவர் மால்டன் என்ற சிற்றூரின் சார்பில் அவைக்குத் திரும்பினார். அது ஒரு பிரபுவின் கைக்குள் இருந்த தொகுதி. அங்கே வாக்காளர்களுக்கு மடல் எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது.

இக்கால உறுப்பினர்கள் சொல்லும் இன்னொரு தடை கட்சியின் கொறடா. இந்தியாவில் 1985-இல் அரசமைப்பின் 52-ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, கட்சியின் உத்தரவை மீறி வாக்களிப்பவரோ வாக்களிக்காமல் இருப்பவரோ, அதைக் கட்சி பதினைந்து நாட்களுக்குள் மன்னிக்காவிட்டால், பதவியை இழக்க நேரிடும். அச்சட்டம் செல்லும் என்று 1992-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே, அரசின் ஆயுளையும் கட்சியின் அடிப்படைக் கொள்கையையும் தொடும் வாக்கெடுப்புகளோடு கொறடா உத்தரவை நிறுத்திக்கொள்வது நல்லது என்றும் கூறியது. நடைமுறையில் அந்த யோசனையை எவரும் கைக்கொள்ளவில்லை. இப்படியிருக்கையில், சொந்தமாக வாக்களிக்க முடியாதவன் எதைச் சொல்வது என்று கேட்கிறார்கள். உத்தரவின்படி வாக்களித்தேன் என்றே எழுதலாம். வாக்கைத்தான் உத்தரவு கட்டுப்படுத்துகிறது. காரணம் சொல்வதை எந்த அட்டவணையும் தடுக்கவில்லை. கட்சிக் கூட்டத்தில் என்ன கருத்தைச் சொன்னேன், குழுவில் எந்தத் திருத்தத்தைக் கேட்டேன், அது ஏற்கப்படவில்லை என்றெல்லாம் எழுதும் உறுப்பினரைக் கட்சி விரும்பாமல் போகலாம்; தொகுதி மதிக்கும்.

அடுத்து, சட்டம் 'வந்துவிட்டது' என்று மடல்கள் அறிவிக்கும் விதத்தைப் பற்றி. ஒரு சட்டமுன்வடிவு அவையில் அறிமுகமாவது வேறு, குழு ஆய்வது வேறு, நிறைவேறுவது வேறு, ஒப்புதல் பெற்று அரசிதழில் வெளியாவது வேறு, நடைமுறைக்கு வரும் நாள் அறிவிக்கப்படுவது வேறு, அதன்கீழ் விதிகள் வகுக்கப்பட்டு மக்கள் பயன்பெறத் தொடங்குவது இன்னும் வேறு. இந்தப் படிகளில் எதில் நிற்கிறது என்று சொல்லாமல் நிறைவேற்றத்தையே பயனாகக் காட்டுவது மக்களை அலையவிடும் செயல். இல்லாத உரிமையைக் கேட்டு அலுவலகத்துக்குப் போய்த் திரும்புபவர்கள் உறுப்பினரைப் பழிப்பதில்லை, எதிரே உட்கார்ந்திருக்கும் எழுத்தரைத்தான் பழிக்கிறார்கள். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் இந்திய அரசமைப்பின் 106-ஆம் திருத்தம் 2023 செப்டம்பரில் நிறைவேறியபோது, அதன்பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துத் தொகுதி மறுவரையறை நடந்த பிறகே அது செயலுக்கு வரும் என்பது அந்தத் திருத்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. வாழ்த்துச் செய்திகளைப் படித்த எத்தனை பேருக்கு அந்த நிபந்தனை தெரிந்திருக்கும்? பிரிட்டனில் ஈஸ்டர் நாளை ஒரே வாரத்தில் நிலைப்படுத்த 1928-இல் இயற்றப்பட்ட சட்டம் இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. அந்த ஆண்டில் யாராவது ஓர் உறுப்பினர் அதைச் சாதனைப் பட்டியலில் சேர்த்திருந்தால், சட்டப்படி அது பிழையாகவும் இருந்திருக்காது.

பணத்தின் கதையும் இதேதான். வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட தொகை, மானியக் கோரிக்கையில் ஒதுக்கப்பட்ட தொகை, நிர்வாக ஒப்புதல் பெற்ற தொகை, ஒப்பந்தப்புள்ளியில் முடிவான தொகை, உண்மையில் செலவான தொகை ஆகிய ஐந்தும் வெவ்வேறானவை. மடல்களில் பெரும்பாலும் இடம்பெறுவது இவற்றுள் முதலாவது. அதுவே எப்போதும் பெரிது. இதோடு தொகுதி வளர்ச்சி நிதி என்ற ஒன்று சேரும்போது குழப்பம் இரட்டிப்பாகிறது. இந்தியாவில் 1993 டிசம்பரில் தொடங்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தில், 2011-12 முதல் ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்று வகுத்திருக்கிறார்கள். எனினும் உறுப்பினர் பணியைப் பரிந்துரைக்க மட்டுமே முடியும், அனுமதிப்பதும் செய்து முடிப்பதும் மாவட்ட நிர்வாகம். பணம் பொதுப்பணம், பணி அலுவலர்களுடையது, மடலிலும் கல்வெட்டிலும் பெயர் உறுப்பினருடையது. அத்திட்டம் செல்லும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. பிலிப்பீன்ஸ் நாட்டின் உச்ச நீதிமன்றமோ அங்கிருந்த இதுபோன்ற நிதியை 2013-இல் அரசமைப்புக்கு முரணானது என்று தள்ளியது. கென்யாவில் 2003-இல் தொடங்கிய தொகுதி வளர்ச்சி நிதிக்கென 2013-இல் இயற்றப்பட்ட சட்டத்தை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2015-இலும் உச்ச நீதிமன்றம் 2022-இலும் செல்லாது என்றன. சட்டம் இயற்றுபவரே பணத்தைச் செலவிடவும் செய்தால், செலவைக் கண்காணிக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி எல்லா நாடுகளிலும் எழுந்திருக்கிறது. நிதியே கூடாது என்று வாதிட நான் இதை எழுதவில்லை. நான் பரிந்துரைத்தேன், இன்னார் அனுமதித்தார், இவ்வளவு செலவாகியிருக்கிறது, இன்னது முடியவில்லை என்று நான்கு செய்தியையும் சேர்த்து எழுதும்போதுதான் அது கணக்காகும்.

என் பழைய தொழிலுக்கு நெருக்கமானது கேள்வி நேரம் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல அனுமதியுங்கள். இத்தனை கேள்விகள் கேட்டேன் என்ற எண்ணிக்கையைச் சில உறுப்பினர்கள் பெருமையுடன் வெளியிடுகிறார்கள். அதை வைத்து யார் முதலிடம் என்று தரவரிசையும் போடுகிறார்கள். கேள்வியின் எண்ணிக்கை எதையும் நிறுவுவதில்லை. பணம் பெற்றுக்கொண்டு கேள்வி கேட்டதற்காக 2005 டிசம்பரில் இந்திய நாடாளுமன்றம் தன் உறுப்பினர்கள் 11 பேரைப் பதவிநீக்கியது. கேள்விப் பட்டியலை மட்டும் பார்த்தால் அவர்களும் சுறுசுறுப்பானவர்களாகவே தெரிந்திருப்பார்கள். கேட்ட கேள்விக்கு அமைச்சர் என்ன பதில் தந்தார், அந்தப் பதில் போதுமானதாக இருந்ததா, துணைக்கேள்வி எழுப்பப்பட்டதா, அந்தப் பொருளில் உறுப்பினருக்குத் தனிப்பட்ட நலன் ஏதேனும் உண்டா என்பவையே தொகுதிக்குத் தேவை.

அதைவிட முக்கியம் அமைச்சர்கள் தரும் உறுதிமொழி. 'பரிசீலிக்கப்படும்', 'ஆவன செய்யப்படும்', 'அறிக்கை வந்ததும் முடிவெடுக்கப்படும்' என்று எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. இவற்றைச் சம்பிரதாயச் சொற்கள் என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். மக்களவையில் 1953 முதல் செயல்படும் அரசு உறுதிமொழிகள் குழு, இப்படிப்பட்ட தொடர்களைப் பட்டியலிட்டு, அவை அவையில் சொல்லப்பட்டால் உறுதிமொழியாகவே கொள்ளப்படும் என்று வகுத்திருக்கிறது. பொதுவாக மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. மாநிலச் சட்டமன்றங்களிலும் இத்தகைய குழுக்கள் உண்டு. அந்த மூன்று மாதம் முடிந்த பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதப்படும் மடலை நான் இன்னும் பார்க்கவில்லை. 'பள்ளிக்குக் கூடுதல் கட்டடம் கேட்டேன், பரிசீலிப்பதாக அமைச்சர் உறுதியளித்தார்' என்று ஒரு மடலில் வருகிறது. அடுத்த மடலில் அந்தப் பள்ளியின் பேச்சே இருப்பதில்லை. முந்தைய மடலில் சொன்னவை எந்த நிலையில் உள்ளன என்று ஒவ்வொரு மடலும் முதலில் கூறியாக வேண்டும் என்ற ஒரு பழக்கம் வந்தாலே, மிகையான அறிவிப்புகளில் பாதி தாமாக நின்றுவிடும்.

கணக்குக் காட்டுவது நமக்கு மேலைநாட்டார் கற்றுத்தந்தது என்று நினைப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ 919-லும் 921-லும், உத்தரமேரூர்க் கோயில் சுவரில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியங்களில், அதாவது குழுக்களில், பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வு ஓலையில் பெயர் எழுதப்பட உரியவர் அல்லர் என்று விதிக்கின்றன. அந்தச் சபை நிலமுடைய பிராமணர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது, அதை இன்றைய மக்களாட்சிக்கு முன்னோடி என்று கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் கணக்குக் காட்டாதவருக்கு அடுத்த வாய்ப்பு இல்லை என்ற விதியின் கடுமையை மறுக்க முடியாது.

ஊர்ச் செய்திகள் மடலில் வரவே கூடாதா என்று கேட்கலாம். வரலாம், வர வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கடைசி நாள் எது, எந்த வரைவு விதியின்மீது மக்கள் கருத்துச் சொல்ல அரசு எத்தனை நாள் அளித்திருக்கிறது, எந்த நலத்திட்டத்துக்கு யார் விண்ணப்பிக்கலாம், எந்தக் குழுவின் முன் பொதுமக்கள் சாட்சியம் அளிக்கலாம் என்பவை உறுப்பினர் அலுவலகம் வழியாகவே பலருக்கும் தெரியவருகின்றன. கருத்துக் கேட்பு முடிந்த பிறகு மடல் வருவதால் ஒரு பயனும் இல்லை என்பதால், இவை காலத்தோடு வர வேண்டியவை. ஊரில் ஒரு பாலம் இடிந்தாலோ வெள்ளம் வந்தாலோ, உறுப்பினர் போய்ப் பார்த்த படத்தோடு நிற்காமல், அதற்குப் பொறுப்பான துறை எது, அவையில் அது எந்த வடிவில் எழுப்பப்பட்டது, கவன ஈர்ப்பா ஒத்திவைப்புத் தீர்மானமா, அனுமதிக்கப்பட்டதா மறுக்கப்பட்டதா என்று எழுதினால், ஊர்ச் செய்தியும் அவைச் செய்தியும் தாமே ஒன்றாகிவிடும்.

ஒன்றை மட்டும் அடியோடு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். மருத்துவ உதவி பெற்றவர், உதவித்தொகை பெற்ற விதவை, கட்டணச் சலுகை பெற்ற மாணவி ஆகியோரின் பெயரையும் படத்தையும் போட்டு உறுப்பினர் கையால் காசோலை வாங்குவதுபோல் வெளியிடும் வழக்கம் அது. உதவி கேட்டு வந்தவர் தம் நோயையும் வறுமையையும் உறுப்பினரிடம் சொன்னது ஒரு அலுவலை முடித்துக்கொள்ள. தொகுதி முழுவதும் படிப்பதற்காக அன்று. அவர் சம்மதித்தார் என்று சொல்வதும் பொருந்தாது. உதவும் கை நீண்டிருக்கும்போது மறுத்துப் பேச யாரால் முடியும்?

மடலை அச்சிட்டு அனுப்பும் செலவு யாருடையது என்பதும் மறைவாக இருக்கக் கூடாது. அமெரிக்கப் பிரதிநிதிகளுக்கு அஞ்சல் கட்டணமின்றித் தொகுதிக்கு எழுதும் சலுகை 1775-இலேயே வழங்கப்பட்டது. அது அளவுமீறிப் பயன்படுத்தப்பட்டதால் 1873-இல் ஒழிக்கப்பட்டு, பின்னர் மீண்டும் வந்தது. இன்று, பொதுப்பணத்தில் அனுப்பப்படும் மொத்த மடல்களுக்கு முன்அனுமதி, கட்சிப் பிரசாரத்துக்குத் தடை, தேர்தலுக்கு முந்தைய குறிப்பிட்ட காலத்தில் அனுப்பவே தடை என்று அங்கே விதிகள் இருக்கின்றன. கனடாவில் ஆண்டுக்கு நான்கு மடல்கள் என்று வரம்பு உண்டு. பிரிட்டனில் இதற்கெனத் தனியே 2007-இல் தொடங்கிய படித்தொகை, பதவியில் இருப்பவர்களுக்குத் தேர்தல் அனுகூலம் தருகிறது என்ற எதிர்ப்புக்கிடையே 2010-இல் நிறுத்தப்பட்டது. சொந்தப் பணமா, கட்சிப் பணமா, மக்கள் பணமா என்று மடலின் அடியில் ஒரு வரி இருந்தால், படிப்பவர் அதற்கேற்ற எச்சரிக்கையுடன் படித்துக்கொள்வார்.

முடிவாக, தங்கள் நாளிதழிடம் ஒரு கோரிக்கை. உறுப்பினர்களின் மடல்களைச் சுருக்கி வெளியிடும்போது, அதே காலத்தில் அவையில் நடந்த முக்கிய வாக்கெடுப்புகளின் பட்டியலையும் அருகிலேயே ஒரு கட்டத்தில் வெளியிடுங்கள்: சட்டமுன்வடிவின் பெயர், நாள், குரல் வாக்கா பிரிவு வாக்கா, உறுப்பினர் எந்தப் பக்கம். குரல் வாக்கெடுப்பாக இருந்தால் உறுப்பினரிடமே கேட்டு அவர் சொல்வதை அப்படியே போடுங்கள். பதில் தராவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, கேட்ட தேதியை மட்டும் குறிப்பிடுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. அவைக் குறிப்புகள் பொதுவில் கிடைக்கின்றன. தங்கள் சட்டமன்றச் செய்தியாளர் மாடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த கூட்டத்தொடரிலிருந்தே தொடங்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சட்டமன்றச் சுருக்கெழுத்தாளர் ஒருவர்